டெஸ்க் அண்ணாச்சியும் ஆலங்குளத்து வெயிலும்

சாரல் விழுந்தால் ஊர் உலகமே தலைக்குக் குடை பிடிக்கும். மேசைக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் தொப்பலாக நனைந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் தென்காசி வீட்டுக்காரர் 'டெஸ்க்' அண்ணாச்சிதான்.

மேசை என்றால் நாலு கால் மேசை இல்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைகள் போகிற ஊருக்கெல்லாம் தூக்கிப்போன எழுதும் பெட்டி. மூடியைத் திறந்தால் பச்சைத் துணி ஒட்டிய சரிவுப் பலகை, மைக்கூடு வைக்கக் குழி, பேனாத் தட்டுக்கு அடியில் ஒரு ரகசிய இழுப்பறை. செங்கோட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவை இடித்தபோது வாங்கிவந்தாராம். அன்றோடு அவருக்கு வாய்ப்பேச்சு குறைந்துபோனது. மாடியில் குடியிருந்த நான் எதிரிலேயே நிற்பேன். அவர் பெட்டியை மடியில் வைத்து, 'மாடிக் குழாய் சொட்டுவதைத் தங்கள் மேலான கவனத்துக்கு' என்று எழுதி, போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவார்.

"நேர்லயே சொல்லலாம்லா அண்ணாச்சி?"

"ஏட்டி, சொன்னா மறந்துருவ. எழுதுனா நிக்கும்."

ரசத்தில் உப்பு கூடினால் அவர் மனைவிக்கும் கடிதம் உண்டு. மதினி அதைப் படிக்காமலே மடித்துத் தோசைக்கல்லைத் துடைப்பார்.

அந்த ஜூலையில் எனக்கு அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்தது. மாடி அறை ஒழுகியதால், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாக வைக்கச் சொல்லி அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தேன். பத்திரம் என்றால் அவருக்கு ஒரே இடம்தான். சரிபார்ப்பு நாளன்று காலையில் இழுத்தால், பத்து நாள் சாரலில் மரம் உப்பி, இழுப்பறை அசையவே இல்லை. மதியம் இரண்டு மணிக்குத் திருநெல்வேலியில் அசலைக் காட்டாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும்.

ஹேர் டிரையர் போட்டுப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மதினி அம்மிக்குழவியோடு வந்தார்.

"ஒரே போடு. முடிஞ்சிரும்."

"இதத் தொட்ட, நான் வீட்ட விட்டுப் போயிருவேன்!"

"பெட்டிய வச்சிட்டுப் போங்க."

"வெயில் பட்டா மரம் சுருங்கிரும்" என்றார் அண்ணாச்சி என்னிடம். சீசன் நேரத்துத் தென்காசியில் வெயிலுக்கு எங்கே போவது? திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினோம். ஆலங்குளத்தில் சுள்ளென்று அடித்தது. இறங்கி, டீக்கடை பெஞ்சில் பெட்டியை விரித்துவைத்துக் காவல் இருந்தோம்.

"என்ன அண்ணாச்சி, வத்தலா காயப்போடுதிய?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஆமா, மார்க்கு வத்தல்."

முக்கால் மணி நேரம் காய்ந்தும் இழுப்பறை அசையவில்லை. மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது.

"விடுங்க அண்ணாச்சி. வேற தேதி கேட்டுப் பாக்கேன்."

"தருவாம்னு எவன் சொன்னான்?"

எதிரே இருந்த பஞ்சர் கடையில் சுத்தியலும் திருப்புளியும் வாங்கிவந்தார். டீ கிளாஸைக்கூட அந்தப் பெட்டிமேல் வைக்க விடாத மனிதர், கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். மரம் பிளந்த சத்தத்துக்கு டீ குடித்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மடிப்புக் கலையாமல் பட்டியல் வெளியே வந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து, இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வரிசையில் நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏட்டி, எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சிட்டே. பொறவு எதுக்கு அழுவுத?"

சந்தோஷம் என்று பொய் சொன்னேன். அவர் மடியில் பிளந்த பெட்டி, அதன்மேல் அவர் கை. அவ்வளவு ஆசையாக வைத்திருந்த ஒன்றை எனக்காக யாரும் அதுவரை உடைத்ததில்லை.