வில்ஃப் தாத்தா ஆன கதை

இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனைவி டோரீனிடம் மூச்சு விடுவதில்லை என்று வில்ஃப் சக்டன் சபதம் செய்துகொண்டார்.

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் கம்பள ஆலையை மூடியபோது அவருடைய வேலை போயிற்று. வீட்டுக்கடன் போகவில்லை. கடனுக்கு விசுவாசம் அதிகம். நல்ல வேளையாக, கடன் வாங்கிய அன்றே டோரீன் அடம்பிடித்து இருவர் பெயரிலும் ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தாள். வேலை போனால் தவணையை அவர்கள் கட்டுவார்கள். "வேலை என்ன பூனையா, ஓடிப்போக?" என்று அன்று சிரித்தவர், இப்போது மாதாமாதம் மனசுக்குள் அவளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் பொம்மைக்கடை மிஸஸ் ஹெப்டன் கூப்பிட்டனுப்பினாள். பண்டிகை வரைக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா வேலை. சம்பளம் உண்டு.

வில்ஃபுக்கு ஆசையும் வந்தது, பயமும் வந்தது. இன்ஷூரன்ஸ்காரர்களிடம் சொன்னால் பணம் நின்றுவிடும். ஜனவரியில் வேலையும் இருக்காது, தவணை கட்ட இன்ஷூரன்ஸும் இருக்காது. டோரீனிடம் சொன்னால் அவள் அவர்களிடம் சொல்லிவிடுவாள். பொய் அவள் வாயில் தங்காது. இருவரிடமும் சொல்லாமலே வேலையில் சேர்ந்துவிட்டார்.

"எங்கே கிளம்பிட்ட?" என்றாள் டோரீன்.

"லைப்ரரிக்கு."

"தினமுமா? கல்யாணத்தப்போ சர்ச்சுல கையெழுத்துப் போட்ட புஸ்தகத்துக்கப்புறம் நீ புஸ்தகத்தையே தொட்டதில்லையே!"

"அதான் பாக்கி நிறைய இருக்கு."

அவள் சாண்ட்விச்சைக் கட்டிக் கையில் கொடுத்தாள். "போய்ட்டு வா, கண்ணு. நல்லாப் படி."

சனிக்கிழமை. கடையில் பிள்ளைகளின் வரிசை வாசல் தாண்டி நின்றது. பல் விழுந்த பையன் ஒருவன் வில்ஃபின் மடியிலிருந்து இறங்கினான். அடுத்து, கைப்பையோடு டோரீன்!

வில்ஃப் தாடியை மூக்குவரை ஏற்றிக்கொண்டார். குரலைக் கிணற்றுக்குள் இறக்கினார்.

"ஹோ... ஹோ... என்னம்மா வேணும்?"

"என் புருஷனுக்கு வேணும், தாத்தா."

"என்ன வேணும்?"

"கொஞ்சம் புத்தி."

வரிசையில் நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள். டோரீன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இன்ஷூரன்ஸ்ல சொன்னியா, வில்ஃப்?"

கிணறு வற்றிவிட்டது. "சொன்னா நிறுத்திடுவாங்களே, டோரீன்! ஜனவரியில வீடு போயிடும்!"

"சொல்லாம மாட்டினாதான் போகும். நீ சேர்ந்த அன்னிக்கே நான் அவங்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். தற்காலிக வேலைதானே? வேலை இருக்கிற வரைக்கும் நிறுத்தி வைப்பாங்களாம். முடிஞ்சதும் சொன்னா, விட்ட இடத்துலேர்ந்து மறுபடி கட்டுவாங்களாம். இந்த மாசத் தவணைக்குத்தான் உன் சம்பளம் இருக்கே."

வில்ஃபின் நெஞ்சிலிருந்து ஒரு கம்பள ஆலையே இறங்கியது. ஒவ்வொரு ராத்திரியும் கூரையைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாரே, அந்தக் கூரை இனி அவருடையதுதான். கண் கலங்கித் தாடி நனைந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, கிறிஸ்துமஸ் தாத்தா அவள் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

"நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன், டோரீன்! ஆமா, நான் இங்கே இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உன் பேரைச் சொன்னதே நான்தானே! வயித்துக்குத் தலையணை கட்ட வேண்டாத ஆளா ஒருத்தர் வேணும்னு மிஸஸ் ஹெப்டன் கேட்டாங்க."