வாசனையே வராத சரக்கு

அரியலூர்
ஆடி 14

அன்பும் மரியாதையும், இப்போதைக்குக் கொஞ்சம் கோபமும் நிறைந்த மைத்துனர் மணிவேல் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் குழந்தைவேல் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கு உங்கள் அக்கா, கறவை மாடு, நான் ஆகிய மூவரில் முதல் இருவர் சௌக்கியம். வாலிகண்டபுரத்தில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வாலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

என் மானக்கேட்டை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தேன். டீ தொண்டைக்குள் போகாமல் மூக்கு வழியாகத் திரும்பி வந்து, எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சட்டைமேல் விழுந்தது. அவர் சட்டையைக் கூடத் துடைக்காமல் என் முகத்தையே பார்த்தார். கடைக்காரர் மட்டும் மெதுவாக, “டீயில என்னண்ணே கலந்தீங்க?” என்று கேட்டார்.

போனில் பேசலாமே என்பீர்கள். ஐந்து நிமிஷம் பேசினால் ஆறாவது நிமிஷம் எனக்குக் குடிகாரன் குரல் வந்துவிடுகிறது, நீங்களும் அதைக் கேட்டுத்தானே போனை வைத்துவிட்டீர்கள், அதனால்தான் கடிதம். இது தை மாதமே ஆரம்பித்தது மச்சான். காலையில் எழுந்தால் ராஜா மாதிரி இருப்பேன், சாயங்காலம் ஆனால் இடது இமை கடை ஷட்டர் மாதிரி இறங்கிவிடும், எதைப் பார்த்தாலும் ரெண்டாகத் தெரியும். சுண்ணாம்புக்கல் சுரங்க கேட்டில் லாரிக்கு டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. வந்தது ஒரு லாரி, நான் கொடுத்தது ரெண்டு டோக்கன். சூப்பர்வைசர் தோளில் கை போட்டு, டூட்டி முடிந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று அன்பாகச் சொன்னார். கண்ணாடிக் கடைக்குப் போனேன், புதுக் கண்ணாடியில் ரெண்டு லாரியும் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. உங்கள் அக்கா உப்பு சுற்றிப் போட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோற்றில் தாடை தொங்கிவிடும், இடது கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிடுவேன். பார்க்கிறவர்கள் ஏதோ பெரிய யோசனையில் இருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த லட்சணத்தில்தான் நம் தேவயானி நிச்சயதார்த்தம் வந்தது. உடையார்பாளையத்தில், ராத்திரி ஏழு மணிக்கு, என் இமையும் தாடையும் கடையடைக்கிற நேரம் பார்த்து. சம்பந்தி அரியமுத்து பெரிய மனசு பண்ணி, பெண்ணைப் பெற்றவர் வாயாலேயே பத்திரிகையைப் படிக்கட்டும் என்றார். முதல் நாலு வரி கணீரென்று படித்தேன். மாப்பிள்ளை கலைவாணனின் பாட்டன் பேர் வரும்போது சத்தம் மூக்குக்குள் போய்விட்டது. பெண் பேர் வந்தபோது நாக்கு மடங்கிப் படுத்துவிட்டது. பெற்ற பெண்ணின் பேரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், மூன்று தடவையும் வேறு யாரோ ஒரு பெண்ணுக்கு நிச்சயமானது. பந்தலில் ஒரு பெருசு, “பொண்ணப் பெத்தவரு இப்பவே நெறஞ்சுட்டாரு போல” என்றது, எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. என் பக்கத்தில் குனிந்து, “இன்னைக்கு ஒரு நாளு பொறுத்திருக்கக் கூடாதா சம்பந்தி?” என்று மட்டும் கேட்டார். நீங்கள் என் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு, “வாசனையே வராத சரக்கு எந்தக் கடையில மாமா விக்கிறான்?” என்றீர்கள். பதில் சொல்ல வாய் வேலை செய்யவில்லை. தேவயானி மறுநாள் விடியும் முன்னே திருச்சி ஹாஸ்டலுக்கு பஸ் ஏறிவிட்டாள். சம்பந்தி வீட்டிலிருந்து, ஆடி போகட்டும், யோசித்துச் சொல்கிறோம் என்று ஆள் வந்து சொன்னது உங்களுக்கே தெரியும்.

அப்புறம்தான் தஞ்சாவூரில் ஒரு நரம்பு டாக்டரம்மாவைப் பார்த்தோம். நம் தேவயானியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ரப்பர் கையுறையில் ஐஸ்கட்டியைப் போட்டு இமைமேல் வைத்தார், ரெண்டு நிமிஷத்தில் ஷட்டர் ஏறிவிட்டது. ஐம்பது வரை சத்தமாக எண்ணச் சொன்னார், முப்பத்திரண்டில் எனக்குள்ளிருந்து வேறொருவன் எண்ண ஆரம்பித்தான். “போதுங்கய்யா” என்றார். ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, மயஸ்தீனியா என்று ஒரு பேர் சொன்னார். நரம்பு வழியாக வருகிற சேதியைச் சதை வாங்குகிற வாசலில், உடம்பின் சொந்தக் காவல்காரனே ஆள் தெரியாமல் அடித்து விரட்டுகிறானாம், வேலை செய்யச் செய்யச் சதை ஓய்ந்துபோகிறதாம். நானும் கேட்டில் நிற்கிறவன் என்பதால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கட்டி இருக்கிறது, அதை எடுக்க வேண்டும், கல்யாணம் முடித்துவிட்டே வரலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை, அது தாடையைத் தூக்கி நிறுத்துகிறது, கூடவே வயிற்றையும் கலக்கிவிடுகிறது. ஒரு வாசலைத் திறந்தால் எல்லா வாசலும் திறந்துகொள்கிறது மச்சான், என்ன செய்ய.

இது தொத்து வியாதி இல்லை, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிற வியாதியும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஆகவே நீங்கள் தயவுசெய்து உடையார்பாளையம் போய், இதோடு வைத்திருக்கிற டாக்டர் சீட்டைக் காட்டி, குழந்தைவேல் குடிக்கவில்லை, அவனுக்கு உடம்பு சரியில்லை என்று சம்பந்தியிடம் சொல்ல வேண்டும். தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
குழந்தைவேல்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டினேன். “குடிகாரன் வூட்டுல பொண்ணு எடுப்பாங்க. சீக்காளி வூட்டுல எடுப்பாங்களா? எறங்காதுன்னு டாக்டரு சொன்னா ஊரு நம்புமா?” என்றாள். அவள் சொல்வதும் சரிதான், குடிக்காத மாமனார்தான் வேண்டுமென்றால் நம் பக்கம் பாதிக் கல்யாணம் நடக்காது. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. உடையார்பாளையம் போய், மாமா அன்றைக்குக் குடித்தது நிஜம், திருமழபாடி கோயிலுக்குப் போய் இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டார் என்று சொல்லுங்கள். தொட்டதே இல்லை என்பதால் காப்பாற்றச் சுலபமான சத்தியம். சீட்டைக் காட்ட வேண்டாம். கல்யாணம் முடித்துவிட்டு வரலாம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அவர், கட்டியை எடுக்க இந்த மாதமே வாங்க, அடுத்த தடவை நாக்கு ஓயாது, மூச்சு ஓயும் என்றார். உங்கள் அக்கா அப்போது மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தாள், அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இன்று காலை தேவயானி போன் பண்ணினாள். “நெசமாவே குடிச்சியாப்பா?” என்றாள். ஆமாம்மா, ஒரே ஒரு தடவை என்றேன். “கல்யாணத்தன்னைக்காவது குடிக்காம வந்து நில்லுப்பா” என்றாள். சரிம்மா என்றேன். அதற்கு நான் இருக்க வேண்டுமே என்று வாய் வரைக்கும் வந்தது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது, நாக்கு நன்றாகத்தான் இருந்தது. நான்தான் சொல்லவில்லை.