ஒரு நாள் கறுப்பு

"கடையோட வெப்சைட்டுக்கு என்ன ஆச்சு? ஒரே கறுப்பா இருக்கு!"

மனைவி கத்தியதும் கணவன் தேநீர்க் கோப்பையோடு பெருமையாக நிமிர்ந்தான்.

"போராட்டம்மா! புதுச் சட்டம் வருதில்ல? ஒரு வெப்சைட்ல இருக்கிற படம் திருட்டுன்னு எவனாவது புகார் கொடுத்தாப் போதும், விசாரணையே இல்லாம அந்த வெப்சைட்டை மூடிடுவாங்களாம். அதான் இன்னிக்கு உலகமே வெப்சைட்டைக் கறுப்பாக்கி வச்சிருக்கு."

"அவங்க மூடுறதுக்கு முன்னாடி நீங்களே மூடிட்டீங்களா?"

அவன் தேநீரை ஒரு மடக்கு உறிஞ்சினான்.

மனைவி நடத்துவது ஜன்னல் திரைச்சீலைக் கடை. வெப்சைட் மட்டும் அவன் பொறுப்பு. ஒரு பெரிய அலுவலகம் இன்று வெப்சைட்டில் துணியைப் பார்த்துவிட்டு, எண்பது ஜன்னல்களுக்கு ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தது. அது வராவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். இதையெல்லாம் அவள் நேற்றே சொல்லியிருந்தாள். அவனும் செல்போனைப் பார்த்தபடி "ம்" கொட்டியிருந்தான்.

"உடனே பழையபடி மாத்துங்க."

"நாளைக்குத்தான். நண்பர்களுக்கு வாக்கு கொடுத்திருக்கேன்."

"அப்ப போன் நம்பரையாவது பெருசா போட்டுத் தொலைங்க!"

போட்டான். போன் அலறத் தொடங்கியது.

"அந்தக் கறுப்புத் துணி மீட்டர் என்ன விலைங்க?" என்றது முதல் குரல்.

பக்கத்தின் அடியில் சட்டத்தைப் பற்றி அவன் உருகி உருகி எழுதியிருந்த விளக்கத்தை ஒரு ஜீவனும் படிக்கவில்லை. பதறிப்போய் மேலே 'இது விற்பனைக்கு அல்ல' என்று சேர்த்தான்.

"யாருக்கு எடுத்து வச்சிருக்கீங்க? நான் விலை கூடவே தர்றேன்" என்றார் அடுத்தவர்.

'இன்று ஒரு நாள் மட்டும்' என்று சேர்த்தான். அவ்வளவுதான். தள்ளுபடி விற்பனை என்று நினைத்து ஊரே போனைப் பிடித்துக்கொண்டது.

மனைவி போனைப் பிடுங்கினாள். திட்டப் போகிறவள்போல வாயைத் திறந்தவள், அப்படியே குழைந்தாள்.

"வணக்கங்க... எண்பதும் அந்தக் கறுப்புலயேவா? தாராளமாங்க! இப்பவே அளவெடுக்க ஆள் அனுப்புறேன்."

அலுவலகம்தான்! கடையின் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினார்.

அன்று மாலை வீட்டில் ஒரே சந்தோஷம். மனைவி அவன் கோப்பையில் தானே தேநீர் ஊற்றினாள்.

"வாரம் ஒருக்கா போராடுங்களேன்!"

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. 'நம் போராட்டம் வெற்றி' என்று நண்பர்களுக்குச் செய்தி தட்டிக்கொண்டிருந்தபோது, தையல்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"ஆர்டர் உறுதியாயிடுச்சுக்கா, முன்பணமும் கொடுத்துட்டாங்க. ஆனா சீக்கிரம் வேணுமாம். அந்த ஆபீஸ் உள்ள உட்கார்ந்துதான் வெப்சைட்டை மூடுறதுக்கு ஏதோ புதுச் சட்டம் எழுதுறாங்களாம், வெளிய போராட்டக்காரங்க ஜன்னல் வழியா எட்டி எட்டிப் பார்க்கிறாங்களாம்!"