நெல்லறையில் இருமிய பேய்

கருங்கல்,
1949 செப்டம்பர்

கர்த்தருக்குள் அன்பான மைத்துனன் ரசலையனுக்கு, உன் அக்காள் தேவகனியின் புருஷன் நேசையன் எழுதுவது. உயிரோடிருக்கிறோம். சுகமா என்று மட்டும் உடனே கேட்டுவிடாதே, சொல்லிக்கொண்டு வருகிறேன்.

உன் சர்க்கரை ஆலையில் பாகு வடிகட்டுகிற டயாட்டம் மண்ணில், சூளையில் சுடாத வகையாகப் பார்த்து ஒரு சாக்கு அனுப்பினாயே, விதைநெல்லை வண்டு தின்னாதென்று, அதிலிருந்துதான் வினை தொடங்கியது. ஆதிகாலத்தில் தண்ணீருக்குள் வாழ்ந்து செத்த, கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகள்தான் அந்த மண் என்று நீ எழுதியிருந்ததை வாசித்ததும் உன் அக்காள், "செத்ததை எல்லாம் எதுக்கு வீட்டுக்குள்ள கேற்றுதிய?" என்றாள். நான் கேட்கவில்லை. மூக்கையும் வாயையும் துணியால் கட்டு, காய்ந்த நெல்லில் கொஞ்சமாகத் தூவிக் கிளறு, தூசி பறக்கவிடாதே என்றும் நீ எழுதியிருந்தாய். மூக்கைக் கட்ட நான் என்ன கள்ளனா என்று, முறத்தில் அள்ளி அறை முழுவதும் வீசினேன். பிறகு மூன்று ஆராதனைகளில் நான் இருமிய இருமலில் போதகர் பிரசங்கத்தையே சுருக்கினார்.

வண்டு செத்தது மெய். மேல்தோலின் மெழுகு உரசிப் போய், ஈரம் வற்றி, உமிபோல் கிடந்தது. எறும்பும் பாச்சையும் போயின. ஆனால் நெல்லுக்குள் எப்போதும் கேட்கிற அந்தச் சின்னக் கறுமுறுச் சத்தமும் நின்றுவிட்டது. உச்சிப்பொழுதில் அந்தக் கதவோரம் போனால், உள்ளே ஏதோ நம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்தால் அடுக்களைத் தரையில் வெள்ளைக் காலடிகள். நெல்லறையிலிருந்து சோற்றுப்பானை வரை வந்து திரும்பியிருந்தன. இடது கால் இழுபட்டிருந்தது. பானையில் சோறு இல்லை. நெல்லறையின் தோட்டத்துக் கதவுச் சாவி ஓட்டிடுக்கில் இருக்கிறது; அது நம் மூவருக்கும், பர்மாவுக்குப் போய்த் திரும்பாத உங்கள் அண்ணன் செல்வதாசுக்கும் மட்டுமே தெரிந்த இடம். உன் அக்காள் மறுநாள் கொஞ்சம் கூடுதலாகவே பொங்கினாள். அதுவும் காணாமல் போயிற்று.

இன்று செவ்வாய்க்கிழமை, நட்ட நடுப்பகலில் உள்ளே ஏதோ நகர்ந்தது.

"ஏட்டி, உள்ள ஆரோ நிக்கது மாதிரி இருக்கு."

"நீங்கதானே செத்ததைக் கேற்றினிய? பேயாட்டு இருக்கும்."

அப்போது அது இருமிற்று. நெஞ்சு பிளக்கிற இருமல். உன் அக்காள் அடுப்பிலிருந்து எழுந்தாள். "பேய்க்கு எங்க இருமல் வரும்? மண்ணு நெஞ்சுக்குள்ள போன மனுசன்லா இருமுகான்!" முந்தானையால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

நெல்குவியலின் ஓரத்தில் அது இருந்தது. தலைமுடி, இமை, தாடி, உடம்பு எல்லாம் ஒரே வெள்ளை. கண் மட்டும் சிவப்பு. நான் பரமண்டல ஜெபம் சொல்ல வாயைத் திறந்தேன், அறுப்புப் பண்டிகையில் நான் காய்கறி ஏலம் கூவுகிற குரல்தான் வந்தது. அது அவளைப் பார்த்து, "குஞ்ஞூ," என்றது. செல்வதாஸ் மட்டும் அவளை அழைக்கிற பெயர். "அண்ணே!" என்று அலறிக் கையைப் பிடித்து வெளியே காற்றுக்கு இழுத்து வந்தாள். நான் துடைப்பத்தை எடுத்தேன். "பெருக்காதிய, தூசி எழும்பும். ஈரத்துணி கொண்டு துடையுங்க!" என்றாள். அழுகையிலும் புத்தி அவளுக்கு.

ஆகையால் ரசலையா, நாம் நினைவு ஆராதனை நடத்தி அழுத உன் அண்ணன் உயிரோடு வந்திருக்கிறார். குளிக்கப் போயிருக்கிறார். அடுத்த பஸ்ஸிலேயே புறப்படு. இனி மண் அனுப்பாதே. உன் பிள்ளைகளுக்குக் கர்த்தர் நல்ல நெஞ்சும் நீண்ட மூச்சும் தருவாராக.

உன் அத்தான்,
நேசையன்

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் அவர் குளித்துவிட்டு, இடது காலை இழுத்துக்கொண்டு வந்தார். வெள்ளை போன பிறகு பார்த்தால், அது செல்வதாஸ் இல்லை. யுத்த நாளில் ரங்கூனிலிருந்து அண்ணனோடு நடந்து வந்த வேறொருவர். "எல்லை மலைக்க அடியில என் மடியிலதான் கண்ணை மூடினாரு. வீட்டுக்குப் போ, சாவி ஓட்டிடுக்குல இருக்கும், குஞ்ஞுகிட்ட சொல்லு, அவ சோறு போடுவான்னு சொன்னாரு. கல்கத்தாவுல ஏழு வருசம் கெடந்து இப்பதான் வந்தேன். வந்தும் சொல்லதுக்கு நாக்கு எழும்பல்ல," என்றார். எழுதியதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. உன் அக்காள் வெகுநேரம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இலை போட்டு, மீன்கறி ஊற்றி, "இரியும், சாப்பிடும்," என்றாள். சாப்பிடுகிறார். நீ வா. அவர் பெயரை நாங்கள் இன்னும் கேட்கவில்லை.