எங்கள் தெருவில் நிற்காமல் போன பஸ்

டிகிரியில் ஃபெயிலானவனால் ஊருக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. பாஸானவன்தான் ஆபத்து. நான் பாஸானவன். அதிலும் பொருளாதாரம். அதிலும் எங்கள் கீழத்தெருவில் முதல் ஆள். பட்டம் மட்டும் கையில் இருந்து, வேலை கிடைக்காமல் நான் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த வருஷத்தில்தான் இந்தக் கூத்து நடந்தது.

குடவாசலிலிருந்து திருவாரூர் போகும் பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஆரம்பத்தில் மேலத்தெருவில், பண்ணையார் வீட்டு வாசலில் மட்டும்தான் நிற்கும். அவரோடு வந்த கூலித் தகராறில் எங்கள் தெருவில் பாதிப் பேர் மேல் கேஸ் நடந்துகொண்டிருந்த காலம். அந்த வாசலில் போய் யார் நிற்பது? ஆட்சி மாறும்போதெல்லாம் பஸ்ஸுக்குப் பெயிண்ட் மாறியதே தவிர, நிற்கும் இடம் மாறவில்லை. கடைசியில் ஒருநாள் என் அம்மா உட்பட நடவுப் பெண்கள் எல்லாரும் சேற்றுக் காலோடு வந்து பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் தெரு முனையிலும் பஸ் நிற்க ஆரம்பித்தது.

என் தங்கச்சி மல்லிகா திருவாரூரில் டீச்சர் டிரெயினிங் சேர முடிந்ததே அந்த ஸ்டாப்பால்தான். அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "நம்ம தெருவுல ஏறணும், நம்ம தெருவுல எறங்கணும்."

இப்படியிருக்கும்போது கண்டக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்றாங்க. எத்தனை பேர் போறாங்க, எவ்வளவுக்கு டிக்கெட் போவுதுன்னு ஒரு வாரம் கணக்கெடுக்கப் போறாங்க. வசூல் கம்மின்னா வண்டிய எடுத்துடுவாங்க."

தெருவே கலங்கிப் போயிற்று. எல்லாரும் படித்த பிள்ளையான என்னைப் பார்த்தார்கள். (வேறு யாரையாவது பார்த்திருக்கலாம்.)

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "நம்ம தெருவுல ஏறினா டிக்கெட் சின்னது. எல்லாரும் குடவாசலுக்கு நடந்து போயி, அங்க ஏறி, திருவாரூர் வரைக்கும் ஃபுல் டிக்கெட் எடுப்போம். ஆளும் ஜாஸ்தி, வசூலும் ஜாஸ்தி. அப்புறம் எவன் கை வைப்பான்?"

"படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்யா!" என்றார் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைப் பார்த்துக்கொண்ட முருகையன் மாமா. காளியம்மன் திருவிழாவுக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே டிக்கெட்டுக்கு ஒதுக்கிவிட்டார். நடவு முடிந்து களையெடுப்பு தொடங்காத நாட்கள் என்பதால் ஆளுக்குப் பஞ்சமில்லை.

விடிந்ததும் விடியாததுமாக வாய்க்கால் கரையோடு தெருவே குடவாசலுக்குக் கிளம்பியது. மல்லிகா மட்டும் முனகிக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, கால் வலிக்குது. நான் மட்டும் நம்ம ஸ்டாப்புல ஏறிக்கிறேனே?"

"வாய மூடிக்கிட்டு வா. உன் படிப்புக்காகத்தான் இவ்வளவு பாடு." (அடப்பாவி!)

கணக்கெடுக்க வந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட சாதுவான மனிதர். பஸ்ஸுக்குள் அடைந்து கிடந்த கூட்டத்தைப் பார்த்து அவருக்கே மூச்சு முட்டியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. பஸ் எங்கள் தெரு முனையை நெருங்கியது. அப்பாவின் அக்கா அஞ்சலை அத்தைக்குப் பஸ் என்றாலே குமட்டும். பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டாள்.

"நம்ம எடம் வந்துடுச்சுடா, எறக்கி விடு."

"ஒக்காரு அத்தை, மானத்த வாங்காத!"

"தலைய சுத்துதுடா பாவி!"

தோளைப் பிடித்து அமுக்கினேன். அவள் என் ஒரே நல்ல சட்டையில் காலையில் குடித்த நீராகாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். டிரைவர் வேகத்தைக் குறைத்து, "எறங்கறவங்க இருக்காங்களா?" என்று குரல் கொடுத்தார். சட்டை நாற, மார்பை நிமிர்த்தி, "யாரும் இல்லண்ணே, ரைட் போங்க!" என்று நான்தான் கத்தினேன்.

கணக்கெடுப்பவர் ஆச்சரியமாகக் கேட்டார். "ஏன் தம்பி, இந்த ஸ்டாப்புல ஏற எறங்க ஆளே இருக்காதா?"

"இருக்காது சார். எங்க ஆளுங்க எல்லாம் ஃபுல் டிக்கெட்டுதான்."

அவர் எழுதிக்கொண்டார். திரும்பும்போதும் இதே கதைதான். எங்கள் வீட்டுக் கூரையைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொண்டு குடவாசல் வரை போய், அங்கே இறங்கி வீட்டுக்கு நடந்தோம். அந்த வாரம் முழுக்க இப்படி.

கொஞ்ச நாள் கழித்துக் கண்டக்டர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை.

"ரூட்டு பிரமாதமா ஓடுதுன்னு ஆபீஸ்ல ஒரே பாராட்டு. இன்னும் வேகமா போவணும்னு ஆள் ஏறாத ஸ்டாப்பை எல்லாம் எடுத்துட்டாங்க. ஒங்க தெரு போச்சு தம்பி."

"மேலத்தெரு?"

"அது இருக்கு. பண்ணையார் வீட்டுக் கணக்குப்பிள்ளை தெனம் ஏறினாருல்ல."

முருகையன் மாமா ஆபீசுக்குப் போய் மன்றாடிப் பார்த்தார். "ஒங்க ஊர்ப் பையனே ஆள் இல்லன்னு சொல்லியிருக்கானே" என்று அனுப்பிவிட்டார்கள். மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்பா மல்லிகாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "அந்த வாசல்ல போயி எம்பொண்ணு கைகட்டி நிக்க வேணாம்."

கொஞ்ச நாள் சைக்கிளில் அவளைக் குடவாசல் வரை கொண்டுபோய் விட்டேன். ஐப்பசி அடைமழையில் பாதை மூழ்கியது. அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு அப்பா போக வேண்டாம் என்றார். அவள் அம்மாவோடு களையெடுக்கப் போனாள். பெண்கள் மறுபடியும் பஸ் முன்னால் உட்கார்ந்து ஸ்டாப்பை மீட்டார்கள்தான். ஆனால் அதற்குள் மல்லிகாவுக்கு முருகையன் மாமா மகனோடு கல்யாணம் முடிந்திருந்தது. அவள் டீச்சர் ஆகவே இல்லை. நான் மட்டும் பின்னால் பேங்க் வேலைக்குப் போய், பென்ஷனும் வாங்குகிறேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் இன்றைக்கும் நான் எதற்காவது யோசனை சொல்ல வாயெடுத்தால் போதும், மல்லிகா, "வந்த பஸ்ஸத் திருப்பி அனுப்பப் போறாருடோய்!" என்பாள். குழந்தைகள் உருண்டு புரண்டு சிரிக்கும்.

போன வருஷம் அவள் பேத்தி கயலுக்குத் திருவாரூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. முதல் நாள் வழியனுப்பக் குடும்பமே தெரு முனையில் கூடியிருந்தது. நானும் போய் நின்றேன். தூரத்தில் பஸ் தெரிந்ததும் மல்லிகா என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீ கொஞ்சம் அந்தாண்ட போயி நில்லு. இன்னைக்காவது வண்டி நிக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மின்கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். பஸ் வந்தது, நின்றது. கயல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மல்லிகா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.