பேட்டரி தீரும் வரை

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம். லேப்டாப்பில் பேட்டரி இருக்கும் வரை நான் மாவர்டியின் காப்பிக் கடையில் உட்காரலாம். தீர்ந்ததும் வீடு திரும்ப வேண்டும். சட்டம் போட்டவள் என் மனைவி யுஸ்னெலி. போடும் உரிமையும் அவளுக்குத்தான். எங்கள் ஊரான பாயகும்புவில் வீடு பெண் வழிச் சொத்து. 'ஊடா', அதாவது அண்ணா, என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும் புருஷன் பெட்டியோடு வந்த விருந்தாளி.

கடையில் பிளக் கிடையாது. டொமினோ ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து என் பேட்டரி உயிரை விடும்.

ஒருநாள் சபதம் எடுத்தேன். லினக்ஸ் தெரிந்தவன் பேட்டரிக்குப் பயப்படுவதா? டெர்மினலைத் திறந்து கட்டளைமேல் கட்டளையாகத் தட்டினேன். ஓடிக்கொண்டிருந்த பிராசசரை நடக்க வைத்தேன். ப்ளூடூத்தை அணைத்தேன். திரையில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்தேன். இரண்டு மணி நேரம் தாங்கிய பேட்டரி ஏழு மணி நேரம் தாங்கியது.

சண்டைக்குத் தயாராகத்தான் அவளிடம் போனேன்.

"நெலி, இனிமே ஏழு மணி நேரம் ஆகும் நான் வர."

"நல்லது ஊடா. இன்னும் கொஞ்சம் இழுக்க முடியாதா?"

எனக்குத் திக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த எதையும் அவள் நல்லது என்று சொன்னதில்லை.

"ஏன் கேக்குற?"

"சும்மாதான். வைஃபையையும் அணைச்சுடுங்களேன்."

"அப்புறம் எப்படி வேலை பாக்குறது?"

"இப்ப மட்டும் வேலையா பாக்குறீங்க?"

மறுநாள் அவளே லேப்டாப்பைச் சார்ஜ் போட்டு, துடைத்து, கையில் கொடுத்து அனுப்பினாள். கடையில் எனக்கு ஆட்டம் ஓடவில்லை.

"மாவர்டி, பொண்டாட்டி திடீர்னு நல்லவளா மாறினா என்ன அர்த்தம்?"

"எனக்கெப்படித் தெரியும்? என் பொண்டாட்டி மாறினதே இல்லையே."

பொறுக்க முடியாமல் வீட்டுக்கு ஓடினேன். வாசல் நிறையப் பெண்கள் செருப்பு. உள்ளே ஒரே சிரிப்பு. தேங்காய்ப் பாலில் வற்றவைத்த ரெண்டாங் கறி மணம் தெருவரை வந்தது. நெலி கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"பேட்டரி தீந்துடுச்சா ஊடா?"

"இல்ல, இன்னும் பாதி இருக்கு."

"அப்ப ஏன் வந்தீங்க?"

"என் வீட்டுக்கு நான் வரக் கூடாதா?"

சிரிப்பு நின்றது. "யார் வீடு?" என்றது உள்ளிருந்து மாமியார் குரல்.

நான் குரலைத் தாழ்த்தினேன். "உள்ள யாரெல்லாம்?"

"அக்கா, தங்கச்சி, பெரியம்மா பொண்ணுங்க. நீங்க இருந்தா வாய் திறக்க மாட்டாங்க. ரெண்டு மணி நேரத்துல என்னத்தப் பேசறது? உங்களப் பத்திப் பேசவே பத்தல."

"பசிக்குது நெலி. ஒரே ஒரு துண்டு..."

"சட்டம்னா சட்டம்தான். தீந்ததும் வாங்க."

கதவைச் சாத்தினாள்.

கடைக்குத் திரும்பி, கட்டிய அத்தனையையும் அவிழ்த்தேன். வெளிச்சம் முழுசாக. ப்ளூடூத், வைஃபை எல்லாம். பிராசசரை விரட்டி, நான்கு வீடியோக்களை ஒன்றாக ஓட விட்டேன். லேப்டாப் அடுப்பாகக் கொதித்தது. பேட்டரி மளமளவென்று இறங்கி, கடைசியில் சிவப்புக் கோடு மட்டும் மிச்சம். எனக்கு ரெண்டாங் நாக்கிலேயே வந்துவிட்டது.

அப்போது மைத்துனி ரெஸ்டி வேகவேகமாக வந்தாள். கையில் துணி சுற்றிய பொட்டலம். நெலிக்கு மனசு கேட்கவில்லை, கறி அனுப்பிவிட்டாள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசையோடு பிரித்தேன்.

பெரிய பவர் பேங்க்.

"முழுசா சார்ஜ் போட்டிருக்கு ஊடா. ராத்திரி வரைக்கும் தாங்கும்னு அக்கா சொல்லச் சொன்னா."