உட்கார்ந்தே கொழுப்பெரித்த கோதண்டராமன்

நடந்து இளைப்பவர்கள் ஒரு ரகம். நாளைக்கு நடக்கிறேன் என்று தவணை சொல்லுகிறவர்கள் இன்னொரு ரகம். அவர்களை விட்டுவிடுவோம், பாவம். நாம் பார்க்கப்போவது மூன்றாவது ரகம்: விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே இளைக்கத் திட்டம் போடுபவர். மருந்து வேண்டாம், பத்தியம் வேண்டாம், இவருக்கு ஒரு கட்டுரை போதும். அதிலும் பாதி போதும்.

நம் கோதண்டராமனையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் நீலசந்திராவில் மாடி வீடு, பொம்மசந்திராவில் ஒரு பம்பு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவு, ஐம்பதை நெருங்கும் வயது, அவருக்கு முன்னால் வாசலில் நுழையும் தொப்பை. 2009 செப்டம்பர் கடைசியில் டாக்டர் ஜெயலட்சுமி அவருடைய ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது சார். மூணு மாசம் டைம் தர்றேன். தினம் ஒரு மணி நேரம் நடங்க, அஞ்சு கிலோ எறக்குங்க. இல்லேன்னா ஆயுசு பூரா மாத்திரைதான்." கூட வந்த மனைவி பாகீரதியையும் விடவில்லை. "நீங்களும்தாம்மா."

கோதண்டராமன் உண்மையிலேயே பயந்துபோனார். அவருடைய அப்பாவின் கால்விரல்கள் இரண்டைச் சர்க்கரை கொண்டுபோனதை ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்தவர் அவர். அப்படிப் பயந்த மனிதர் என்ன செய்ய வேண்டும்? நடக்க வேண்டும். இவர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து பேப்பரைப் பிரித்தார். பெரியவர்கள் உடம்பிலும் பழுப்புக் கொழுப்பு வேலை செய்கிறது என்று விஞ்ஞானிகள் அந்த வருஷம்தான் உறுதி செய்திருந்தார்கள்; அதைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை. போதாதா?

"பாகீரதி, இங்க வா! வெள்ளைக் கொழுப்பு சேத்து வைக்கும், பழுப்புக் கொழுப்பு எரிக்கும். அதுல மைட்டோகாண்ட்ரியான்னு எஞ்சினுங்க நெருக்கியடிச்சுக்கிட்டு கெடக்குது. மத்த எடத்துல அது ஓடினா உடம்பு வேலை செய்யறதுக்கு சக்தி வரும். இங்க அப்படி இல்ல. சில்க் போர்டு சிக்னல்ல வண்டிய நியூட்ரல்ல போட்டு ஆக்சிலேட்டர முறுக்கினா என்னா ஆவும்? பெட்ரோல் எரியும், எஞ்சின் சூடாவும், வண்டி நகராது. அவ்ளோதான் விஷயம்! குளிர்ல உக்காந்தா போதும், ரத்தத்துல இருக்கற சர்க்கரையையும் கொழுப்பையும் இழுத்து எரிச்சிடும். பொறந்த கொழந்தை நடுங்காமயே சூடா இருக்குதே, எப்படி? எல்லாம் இதாலதான்."

"உங்களுக்குக் கொழுப்பு இருக்குதுன்னு கல்யாணமான வருஷமே தெரியும். அந்தப் பழுப்பு எவ்ளோ இருக்காம்?"

அது கட்டுரையின் பின்பாதியில் இருந்தது. பெரியவர்களுக்குக் கழுத்தோரமும் காறையெலும்பின் மேலும் சில பத்து கிராம் இருந்தால் அதிகம், பருத்த உடம்புக்காரர்களுக்கு அதுவும் குறைவு என்று அங்கே எழுதியிருந்தது. நம்மவர் அந்தப் பக்கம் போகவேயில்லை.

மறுநாளிலிருந்து தொடங்கியது தவம். காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெறும் பனியனோடு, ஊர் முழுக்க ஸ்வெட்டரும் மங்கி குல்லாயுமாகப் போகிற வேளையில், பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். "உக்காந்திருக்கற நேரத்துல நடந்தாத்தான் என்னா?" என்று பாகீரதி கேட்டால் பதறிப்போவார். நடந்தால் உடம்பு சூடாகிவிடுமாம், மைட்டோகாண்ட்ரியா வேலையை நிறுத்திவிடுமாம். வீட்டில் கம்பளிகள் பரணுக்கு ஏறின. கீசர் சுவிட்சின் மேல் டேப் ஒட்டப்பட்டது. ஆபீசில் ஏசி பதினேழு டிகிரிக்கு இறங்கியது. பக்கத்து மேஜை மமதா, துப்பட்டாவைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, "சார், ஸ்வல்ப ஏத்துங்க சார், விரல் வெறைச்சுப்போயி டைப் அடிக்கவே வரல" என்று கன்னடம் கலந்த தமிழில் கெஞ்சினாள். "உனக்கும் சேத்துதாம்மா எரியுது" என்றார் வள்ளல்.

எரிந்தது என்னவோ வயிறுதான். குளிரில் உட்கார்ந்து எழுந்தால் பசி எடுக்காதா? ஐந்து இட்லி எட்டாயிற்று. கேன்டீனில் ஒரு வடை மூன்றாயிற்று. கேட்டால், எஞ்சினுக்குப் பெட்ரோல் போட வேண்டாமா என்பார்.

பாகீரதி சண்டை போடவில்லை. பச்சைத்தண்ணீரில் குளிக்கவும் இல்லை. மாற்றுப்புடவையைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்டின் டவுனில் இருக்கும் தங்கை யசோதா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள், காலையில் குளிக்க ஒரு முறை, சாயங்காலம் கைகால் கழுவ ஒரு முறை. அவ்வளவு பக்கத்துக்குப் பெங்களூரில் எந்த ஆட்டோக்காரர் வருவார்? போக வர நடைதான். தங்கை வெந்நீர் மட்டும்தான் கொடுப்பாள், டிபன் கிடையாது. அவளுக்கும் காலையில் வேலை இருக்கிறதே.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் இருவரையும் எடை மேடையில் ஏற்றினார், ரத்தம் எடுத்தார், மறுநாள் வரச் சொன்னார். கோதண்டராமன் இரண்டரைக் கிலோ ஏறியிருந்தார். வாசலில் நின்ற சர்க்கரை கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. பாகீரதி நாலு கிலோ இறங்கியிருந்தாள்.

"பரவால்லியே! என்னம்மா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல டாக்டர். வெந்நீருக்குப் போயிட்டுப் போயிட்டு வந்தேன்."

டாக்டர் மாத்திரை எழுத ஆரம்பித்தார். கோதண்டராமனின் கால்விரல்கள் செருப்புக்குள் தாமாகவே சுருங்கிக்கொண்டன. பாகீரதிக்கு அது தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. இருவரும் மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்கினார்கள்.

கடைப்படி இறங்கியதும் அவர் முகம் திடீரென்று தெளிந்தது. "பாத்தியா? நம்ம வீட்டுக் குளிர் உன் ஒடம்புல வேலை செஞ்சிருக்குது. கட்டுரை பொய்யில்ல!"

பாகீரதி அவர் கையைப் பிடித்தாள். "சரிங்க, ஒத்துக்கறேன். வாங்க, வீடு வரைக்கும் நடந்தே போலாம்."

"நடக்கறதா?" என்று மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினார் கோதண்டராமன். "அதுக்குப் பதிலாத்தானே இத எழுதிக் குடுத்திருக்காங்க!" இன்னொரு கை ஆட்டோவை நிறுத்தியது.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இவ்வளவு நேரமும் நீங்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. நடுவில் கை மட்டும் எட்டிப்போய் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்ததே, அது எதற்காம்?